முதுமையா, நோயா? நெஞ்சைப் பிளக்காமல் இதய வால்வு சிகிச்சை

அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், அத்தாவுக்கு இதய வால்வு சுருங்கிடுச்சு. ஐசியூவுல இருக்காங்க. ஆபரேஷன் தாங்காது, தொடை வழியா வால்வு வைக்கலாம்னு டாக்டர் சொல்றார். இந்த வயசுல தேவையா? வேண்டாம்னா குற்றமாகுமா?” என்று கேட்டார்.

இன்று பல குடும்பங்களில் எழும் கேள்வி இது.

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு. வயது ஏற ஏற அதில் கால்சியம் படிந்து, வாசல் குறுகலாம். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் வரும். மருந்தால் அந்த வாசலைத் திறக்க முடியாது.

2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலென் கிரிபியே, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று கைவிடப்பட்ட 57 வயது நோயாளிக்கு, இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் புது வால்வைப் பொருத்தினார். அயோர்டிக் வால்வை இப்படிப் பொருத்தியது உலகில் இதுவே முதல் முறை. வால்வு வேலை செய்தது. ஆனால் வேறு உடல் சிக்கல்களால் அவர் சில மாதங்களில் இறந்துபோனார்.

அறுவை சிகிச்சை செய்ய முடியாதவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டில் இறந்தோர் சுமார் 51 சதவீதம். இம்முறையில் வால்வு பொருத்தப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம். பலன் பெரிது, உத்தரவாதம் இல்லை. பக்கவாதம், இரத்தக்கசிவு ஏற்படலாம். சிலருக்கு பேஸ்மேக்கரும் தேவைப்படலாம்.

மருத்துவம் செய்யலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் செய்யச் சொன்னார்கள்; முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருப்பதாகவும் கூறினார்கள். இது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: அத்தாவை வாட்டுவது வால்வா, முதுமையா? வால்வைச் சரிசெய்தால் எழுந்து நடப்பார்களா? சிறுநீரகம், நுரையீரல், நினைவாற்றல் எப்படி இருக்கின்றன? வால்வுதான் காரணம் என்றால், “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள். உடல் முழுதும் தளர்ந்து, பலனில்லை என்று மருத்துவர்களே சொன்னால், வேதனையைக் குறைக்கும் கவனிப்பும் துஆவும் போதும், அது கைவிடுவதாகாது. பலன் உறுதியில்லாத சிகிச்சையை நோயாளி மறுத்தால் அவர் பாவியாக மாட்டார் என்பதே பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்து. எனவே அத்தாவுக்கு நினைவிருந்தால் முதலில் அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று: இந்த வால்வுகள் மாட்டின் இதய உறையிலிருந்தும், பன்றியினுடையதிலிருந்தும் தயாராகின்றன. மாட்டினுடையதைக் கேட்டுப் பெறுங்கள். வேறு வழியே இல்லையென்றால், நிர்ப்பந்தத்தில் மற்றதற்கும் அனுமதி உண்டு என அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர்.

முயற்சி நம்முடையது, ஷிஃபா அல்லாஹ்வுடையது. நோயுற்ற நம் பெற்றோர் அனைவருக்கும் அவன் பூரண நலத்தைத் தருவானாக. ஆமீன்.