நுரையீரலுக்குள் ஒரு காவலாளி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மதுரையில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கும். தமிழ்நாட்டில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் அதிகம் பரவுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். அதை உண்டாக்கும் வைரஸை எதிர்க்கும் புரதம் ஒன்று உங்கள் நுரையீரலிலேயே சுரக்கிறது, தெரியுமா?

அதன் பெயர் எஸ்.பி.-டி. நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் மெல்லிய ஈரப்படலம் உண்டு. அதில்தான் இது இருக்கிறது. இதற்கு நான்கு கிளைகள். கிளைக்கு மூன்றாக மொத்தம் 12 பிடிமுனைகள்.

இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேல் முட்கள் போன்ற புரதங்கள் துருத்தி நிற்கும். அவற்றைக் கொண்டுதான் அது நம் செல்லில் ஒட்டி உள்ளே நுழைகிறது. அந்த முட்களின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் இருக்கின்றன. வைகைக் கரையில் நடந்தால் நாயுருவி விதைகள் உடையைப் பற்றிக்கொள்ளும் அல்லவா? அப்படித்தான் எஸ்.பி.-டி அந்தச் சர்க்கரையைப் பற்றுகிறது. பிடிபட்ட வைரஸ்கள் கட்டியாகத் திரள்கின்றன. வெள்ளை அணுக்கள் அவற்றை எளிதாக விழுங்கிவிடுகின்றன.

ஆனால் 2009-இல் உலகமெங்கும் பரவிய பன்றிக்காய்ச்சல் வைரஸின் முள் உச்சியில் சர்க்கரை குறைவு. அதனால் எஸ்.பி.-டி-க்குச் சரியான பிடி கிடைக்கவில்லை.

பிடியை வலுவாக்க முடியுமா? அமெரிக்க விஞ்ஞானிகள் இப்புரதத்தின் பிடிக்கும் பகுதியில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றினார்கள். மாற்றிய புரதம் சில இன்ஃப்ளூயன்சா வைரஸ்களிடமிருந்து எலிகளை நன்றாகக் காத்ததாக 2011-இல் அறிவித்தார்கள்.

நம் நாட்டிலும் பிரிட்டனிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மும்பையில் தருணா மதனும் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் உதய் கிஷோரும் பல ஆண்டுகள் இப்புரதத்தை ஆராய்ந்தார்கள். முழுப் புரதம் வேண்டாம், பிடிக்கும் துண்டு போதும் என்று அதை மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கி எடுத்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் செல்களுக்குள் இன்ஃப்ளூயன்சா நுழைவதை அந்தத் துண்டு குறைப்பதாக 2018-இல் கிஷோர் குழு காட்டியது.

செல்லிலும் எலியிலும் பலித்தது மனிதருக்கும் பாதுகாப்பாகப் பலிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது மருந்தாகும். இப்போது மருத்துவர்கள் தரும் ஒசல்டாமிவிர் மாத்திரையோ, காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே கடும் காய்ச்சலும் இருமலும் வந்தால் உடனே பெற்றோரிடம் சொல்லுங்கள். மருத்துவரைப் பாருங்கள். இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சல் தணியும்வரை பள்ளிக்குப் போகாமல் ஓய்வெடுங்கள்!