சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிச் சன்னல். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்தச் சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி மெத்தை வரை நனைத்துவிட்டது. மழை விட்டதும் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கிவந்து சுற்றிலும் அடைத்தார். பொங்கலுக்கு முன்னால் அதன் மேலேயே பெயின்ட் அடித்தாயிற்று. சித்திரை பிறப்பதற்குள் சன்னலைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்ட் நாடா மாதிரி உரிந்து தொங்கியது. உள்ளே சிலிக்கான் பளபளவென்று அப்படியே இருந்தது.

சிலிக்கான் கெட்டுப்போகவில்லை, பெயின்டிலும் கலப்படம் இல்லை. இரண்டும் சேராது, அவ்வளவுதான். காய்ந்த சிலிக்கான் மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாமரை இலையில் உருள்வது போல் உருண்டு ஓடும். எமல்ஷன் பெயின்ட்டும் தண்ணீரில் கரைத்ததுதானே, அதற்கும் அங்கே பிடிமானம் கிடையாது.

பெயின்ட் அடிக்கப்போகும் இடத்துக்கு வேண்டியது அக்ரிலிக் சீலன்ட். கடையில் இரண்டும் ஒரே மாதிரி டியூபில், ஒரே அலமாரியில் இருக்கும். ‘வெள்ளை சீலன்ட் கொடுங்க’ என்றால் எது கைக்கு வருகிறதோ அதைத்தான் எடுத்துத் தருவார்கள். அதனால் டியூபின் மேல் ‘அக்ரிலிக்’ என்றும், மேலே பெயின்ட் அடிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள். சிலிக்கானில் ஒரு வகைக்கு வினிகர் நெடி அடிக்கும். அது சிமென்ட் பூச்சில் சரியாகப் பிடிக்காது, இரும்பையும் அரிக்கும். நெடி இல்லாத சிலிக்கானும் உண்டு என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான்: அக்ரிலிக் என்றால் முதலில் அதை அடைத்து, பிறகு பெயின்ட். சிலிக்கான் என்றால் பெயின்ட் வேலையெல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, கடைசியில். குளியலறை டைல்ஸ், வாஷ்பேசின் ஓரம், சமையல் மேடைக் கல்லும் சுவரும் சேரும் இடம் போல எப்போதும் ஈரம் படும் இடங்களுக்குச் சிலிக்கான்தான் சரி. அங்கே பெயின்ட்டுக்கு வேலை இல்லை.

சரி, பட்டி வைத்து அடைத்தால் ஆகாதா? இதை நம் வீட்டு வாசல் நிலையில் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மர நிலை ஈரத்தைக் குடித்துப் பருக்கும். கத்திரி வெயிலில் காய்ந்து சுருங்கும். பக்கத்துச் சுவரோ அந்த அளவுக்கு அசையாது. இரண்டும் சேரும் கோட்டில் பட்டி வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். மறு கோடையில் அதே கோட்டில் மயிரிழை விழும், அடுத்த வருடம் பட்டி செதிலாகப் பெயர்ந்து கையோடு வரும். பட்டி கல் மாதிரி இறுகுகிறது, இழுத்தால் உடையத்தானே செய்யும்? அக்ரிலிக் சீலன்ட் காய்ந்த பிறகும் ரப்பர் போலக் கொஞ்சம் நெகிழும், நிலை அசைந்தால் கூடவே அசைந்து கொடுக்கும். சுவரின் நடுவே இருக்கும் பள்ளத்துக்கும் கீறலுக்கும் பட்டி. இரண்டு வேறு பொருள்கள் சேரும் இடத்துக்குச் சீலன்ட்.

வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். பழைய அடைப்பைக் கட்டரால் அறுத்து, ஸ்க்ரேப்பரால் சுரண்டி, தூசி தட்டித் துடைக்க வேண்டும். அங்கே முன்பு சிலிக்கான் இருந்திருந்தால் ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காதீர்கள். அதன் மேல் பெயின்ட்டும் நிற்காது, புதிய சீலன்ட்டும் நிற்காது. வெறும் சிமென்ட், வெறும் மரம் என்றால் பிரைமர் ஒரு கோட் கொடுத்துக் காயவிட்டு அதன் மேல் அடையுங்கள். டியூபின் மூக்கைச் சாய்வாக, இடைவெளியின் அளவுக்கே வெட்டுங்கள். நிறையப் பேர் பெரிதாக வெட்டிவிட்டு வழித்து வழித்து வீணாக்குகிறார்கள். டியூபை மாட்டிய சீலன்ட் கன்னை ஒரே வேகத்தில் இழுத்து, ஈர விரலால் ஒருமுறை தடவினால் போதும். 300 மி.லி. டியூப் ஒன்றில் 6 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 10 மீட்டர் இழுக்கலாம், ஒரு கதவும் ஒரு சன்னலும் முடிந்துவிடும். இடைவெளி விரல் நுழையும் அளவு ஆழமாக இருந்தால் முதலில் ஃபோம் கயிற்றைச் செருகி, அதன் மேல் அடைக்க வேண்டும். அக்ரிலிக் தண்ணீர் வற்றித்தான் காய்கிறது. காயும்போது கொஞ்சம் உள்வாங்கும், அப்போது இன்னொரு கோடு இழுக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவு விடாமல் பெயின்ட் எடுக்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே பெயின்ட் அடித்தால் அது வறண்ட ஏரி மாதிரி வெடிக்கும்.

அடைக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. அலுமினிய ஸ்லைடிங் சன்னலின் கீழ்ச்சட்டத்தில், வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தடத்தில் விழும் மழைநீர் வெளியேறவே அவற்றை வைத்திருக்கிறார்கள். ஒழுகுகிறதே என்ற பதற்றத்தில் அவற்றையும் அடைத்துவிட்டால் தண்ணீர் அறைக்குள்தான் வரும். எங்கள் தெரு வீட்டில் இதுவும் நடந்திருந்தது. ஊசியால் குத்தித் துளைகளைத் திறந்த பிறகுதான் அடுத்த மழைக்குத் தரை நனையவில்லை. மாடித் தளத்திலிருந்து இறங்கும் ஒழுக்கும், சுவரில் உப்புப் பூத்துக் கிளம்பும் ஓதமும் சீலன்ட்டுக்கு அடங்கா. அதற்கு மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்தது, பெயின்ட் எப்போது அடிப்பது. போகிக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். அது சுண்ணாம்புக் காலத்து வழக்கம், சுண்ணாம்பு ஈரச் சுவரிலும் பிடிக்கும், சுவரை மூச்சு விடவும் விடும். எமல்ஷனுக்கு அது பொருந்தாது. வடகிழக்குப் பருவமழையைக் குடித்த சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது. வெளிச்சுவர் வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், பெயின்டரிடம் இன்னும் பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.