ஓமந்தைக்கு வராத சரித்திரம்

எங்கள் ஓமந்தை வீட்டின் உள்ளறையில், நெல்லுச் சாக்குகளுக்கு மேலே அமைந்த மரப்பரணின் மீது, எலிக்கும் கறையானுக்கும் எட்டாதபடி வைக்கப்பட்டிருந்த ஒரு றங்குப்பெட்டிக்குள் என் பெரிய மாமாவின் இரண்டு கொப்பிகள் வெகுகாலம் பத்திரமாயிருந்தன. 1950களின் முற்பகுதியில், குடாநாட்டிலுள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் விடுதியிலே தங்கி அவர் எச்.எஸ்.ஸி. வகுப்பிற் படித்த காலத்தில் எழுதியவை அவை. ஒன்றின் அட்டையில் சரித்திரம் என்றும் மற்றதன் அட்டையில் அரசாட்சி என்றும், ஆங்கிலத்திலே, நீலமையாற் சாய்வெழுத்தில் எழுதியிருந்தார். ஜோன் மன்னன் 1215-ல் பிரபுக்களுக்கு இணங்கிக் கொடுத்த மகாசாசனமும், 1689-ன் உரிமைச் சட்டமும், கோல்புறூக் விசாரணையின் பயனாக 1833-ல் இலங்கைக்குச் சட்டநிரூபணசபை வந்த விருத்தாந்தமும், டொனமூர், சோல்பரி யாப்புகளின் அங்க லட்சணங்களும் அவற்றுள் வரிசையாக இருந்தன. பக்க ஓரங்களிலோ ஆசிரியரின் சிவப்புப் பென்சில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தது: இதற்கு ஆதாரம் என்ன?

அந்தக் கொப்பிகளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வந்தபோது நான் தேடியது எங்கள் ஊரை. ஓமந்தை அங்கே இராது என்பது சிறுவனுக்குங்கூடத் தெரிந்த சங்கதிதான். ஆனால் வன்னி என்ற சொல்லே இரண்டு கொப்பிகளில் ஓரிடத்திலும் இல்லாதிருந்தது என் மனத்தை உறுத்தியது. 1997 மே மாதத்தில் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, கண்டி வீதி நெடுகச் செல் விழ, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது றங்குப்பெட்டி பரணிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது பரணும் இல்லை, அதைத் தாங்கிய சுவரும் இல்லை. எனினும், முப்பது வருஷங்களாக வரலாறும் அரசறிவியலும் உயர்தர வகுப்புக்குக் கற்பித்த எனக்கு அந்தச் சிவப்புப் பென்சிலும் அந்த வெற்றிடமும் ஒருநாளும் மறந்ததில்லை. முன்னதை நன்றியோடு ஏற்றுக்கொள்ளவும் பின்னதை நாங்களே நிரப்பவும் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

நன்றி என்று நான் சொல்வது உபசாரமன்று. 1816-ல் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த அமெரிக்க மிஷனறிமார், 1823-ல் தானியேல் பூர் என்பாரின் தலைமையில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியிலே, வேதபாடத்தோடு சரித்திரமும் பூகோளமும் கணிதமும் வானசாஸ்திரமும் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலத்தைப் போலவே தமிழும் அங்கே சிரத்தையுடன் பயிலப்பட்டது. 1841-ல் உதயதாரகை என்னும் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியதும், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அந்தச் செமினறியின் மாணாக்கராயிருந்ததும், பின்னாளில் தாமோதரம்பிள்ளை ஏட்டோடு ஏடு ஒப்புநோக்கிக் கலித்தொகையை அச்சேற்றியதும் ஒரே வித்தின் விளைவுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாடபேதத்தை ஆராய்ந்து எது மூலம் என்று துணிகிறவனும், ஒரு சாசனத்தை வைத்துக்கொண்டு எது நடந்தது என்று துணிகிறவனும் பழகுவது ஒரே அப்பியாசந்தானே. பையன்கள் ஆங்கிலத்தைக் கற்று உத்தியோகத்துக்குப் போகிறார்களேயன்றி ஊழியத்துக்கு வருகிறார்களில்லை என்ற மனக்குறையினால் 1855-ல் செமினறி மூடப்பட்டது. 1872-ல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

அக்கல்லூரியிற் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஹன்டி பேரின்பநாயகமும் அவரது தோழர்களும் 1924-ல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்பு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறி, சாதிப் பாகுபாட்டை எதிர்த்தும் தாய்மொழிக் கல்வியை வேண்டியும் பூரண சுயராச்சியத்தைக் கோரியும் நின்றது. 1927-ல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது அவர்களே. அரசாட்சி என்பது பரீட்சைக்குரிய பாடம் மட்டுமே என்றிருந்த வகுப்பறையிலிருந்து, டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையாகையால் 1931-ன் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்று எழுந்து நிற்கும் வாலிபர் புறப்பட்டது சிறிய காரியமன்று. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

இந்தப் பகிஷ்காரத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டுள்ளன. அது விவேகமா அவிவேகமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அதே 1931-ல் மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியிலிருந்து ஓர் உறுப்பினர் அரசாங்க சபைக்குச் சென்றார் என்பதையும், அதாவது வன்னி அந்தப் பகிஷ்காரத்திற் சேரவில்லை என்பதையும் என் மாணவருக்கு நான் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒருகணம் நிமிர்ந்து உட்காரும். சேராததற்குக் காரணம் அரசியல் மாறுபாடா, காங்கிரஸின் குரல் ஆனையிறவைக் கடந்து காட்டுவழியே இவ்விடம் வந்து எட்டாமைதானா என்று அவர்கள் கேட்பார்கள். வடக்கு முழுவதும் பகிஷ்கரித்தது என்று எழுதிச் செல்லும் பழக்கம் எங்களை நாங்களே அறியாதபடி செய்துவிட்டது.

வன்னிக்கும் குடாநாட்டுக் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கும் தொடர்பு இல்லாமலுமில்லை. 1947-ல் வவுனியாத் தொகுதி பாராளுமன்றத்துக்குத் தெரிந்தனுப்பிய சி. சுந்தரலிங்கம், யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரியிற் படித்து, ஒக்ஸ்போர்டு சென்று, கொழும்பிலே கணிதப் பேராசிரியராயிருந்தவர். முதலாவது மந்திரிசபையில் வர்த்தக மந்திரியான அவர், 1948-ன் இறுதியில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமை மசோதாவை முன்னிட்டுப் பதவியைத் துறந்தார். இதனை நான் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஏனெனில் எந்தத் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை அன்று கேள்விக்குள்ளானதோ, அவர்களுடைய சந்ததியார் 1977-ன் கலவரத்துக்குப் பின் மலைநாட்டைவிட்டு வந்து வவுனியாவின் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்தார்கள்.

சோல்பரி யாப்பின் 29-ஆம் பிரிவு, எந்தச் சமூகத்துக்கும் மற்றச் சமூகங்களுக்கு இல்லாத இடையூறு செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்று விதித்திருந்தது. அப்படியிருந்தும் கோடாக்கன்பிள்ளை வழக்கிலே, பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பிரிவை மீறவில்லை என்று 1953-ல் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. 1972-ன் குடியரசு யாப்பில் அந்தப் பிரிவே இல்லாமற்போயிற்று. இதை ஒருமுறை கரும்பலகையில் எழுதி விளக்கிய மறுநாள், பின்வரிசையில் இருக்கும் பிள்ளையொருத்தி, பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த தன் பாட்டனாரின் பழைய விண்ணப்பப் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மடிப்புகளிலே கிழிந்து, தட்டெழுத்து மங்கி, கையெழுத்து வேண்டிய இடத்தில் பெருவிரல் அடையாளம் பதிந்த தாள் அது. "சேர், இவர் எப்ப இந்த நாட்டுக்காரர் ஆனவர்?" என்று கேட்டாள். என் மாமாவின் கொப்பியில் அந்த யாப்பைப் பற்றிப் பல பக்கங்கள் இருந்தன; இந்தக் கேள்விக்கு ஒரு வரி இருக்கவில்லை.

அரசாட்சி என்றால் என்ன என்பதை எங்கள் ஊர்ச் சனங்கள் யாப்பிலே படித்து அறிந்தவர்களல்லர். 2002-ல் யுத்தநிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்த பிறகு, ஓமந்தையிலே இராணுவத்தின் சோதனைச் சாவடி. அதற்கு வடக்கே இருசாராருக்கும் சொந்தமில்லாத வெளி, செஞ்சிலுவைக் கொடி. அதற்கு அப்பால் புலிகள் இயக்கத்தின் சாவடி, வரி, பதிவு. பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளையை இடுப்பிலும் பையைத் தலையிலும் வைத்து, வெயிலில் அந்த வரிசையில் நகர்ந்தவர்களுக்கு, இறைமை என்பது எத்தன்மையது, ஓர் அரசின் அதிகாரம் எந்த இடத்தில் முடிகிறது என்பவற்றை விளக்க நூல் வேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில் அந்தப் பாதை மூடப்பட்டது. 2009-ல் வன்னிச் சனங்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்து வரிசையிலே நின்றதும் இதே ஓமந்தையில்தான். அந்த வரிசையிற் பிரிந்து, இன்றுவரை தேடப்படுகிறவர்களின் தாய்மார் எங்கள் அயலிலும் இருக்கிறார்கள். இதைப்பற்றி நான் அதிகம் எழுத இயலாது, கை ஓடவில்லை.

ஆனாலும் அரசாட்சியின் முகம் சாவடி ஒன்றேயன்று. காலபோக விதைப்புக்கு முன்னர் கமக்காரர் கூடுகிற பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, துருசு எந்தத் தேதியிற் திறப்பது, மாடுகளை எந்த நாளுக்குள் வயல்வெளியிலிருந்து அகற்றுவது என்றெல்லாம் அங்கே வாதிப்பார்கள். தண்ணீர் குறைந்த சிறுபோகத்திலே, எல்லாருடைய வயலுக்கும் பாயாது என்று கண்டால், துருசுக்குக் கிட்டிய வயற்பரப்பை மாத்திரம் விதைக்கத் தீர்மானித்து, கடைசி வாய்க்காற்காரனுக்கும் அதில் அவனவன் காணிக்குத்தக்க பங்கு பிரித்துக் கொடுப்பதுண்டு. பிரதிநிதித்துவம், சிறுபான்மையின் உரிமை, பொதுச்சொத்து என்று பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயங்களாகச் சொல்வதையெல்லாம் ஒரு புளியமரத்தடியில் இரண்டு மணிநேரத்துக்குள் பிள்ளைகள் கண்டுகொண்டு வருவார்கள்.

சரித்திரத்துக்கும் வன்னியிற் குறைவில்லை. ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்திய வன்னிமைகளைப் பற்றி நாகல் என்ற ஒல்லாந்த அதிகாரி 1793-ல் எழுதிவைத்தார், ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில சிவில் உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களின் கையேட்டை 1895-ல் வெளியிட்டார், சி. எஸ். நவரத்தினம் 1960-ல் வன்னியையும் வன்னியரையும் பற்றித் தனிநூலே எழுதினார். இவை எல்லாம் பிறமொழிகளில் இருப்பதும், நம் பாடசாலை நூலகங்களில் இல்லாதிருப்பதும் எனக்குத் தீராத துக்கம்.

பண்டாரவன்னியனைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டியிருந்த கல்லின் வாசகத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். கப்டன் டிறிபேர்க் என்பவர் 1803 ஒக்டோபர் 31-ல் இவ்விடத்துக்கு அண்மையிற் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் பொருள். போருக்குப் பின் 2010-ல் அந்தக் கல் உடைக்கப்பட்டது. அதே 1803-ன் ஆகஸ்டிலே முல்லைத்தீவுக் கோட்டையை வென்று பீரங்கிகளைக் கைப்பற்றிய வீரன் அவன் என்று பிள்ளைகள் நாட்டுக்கூத்திலே பார்த்திருப்பார்கள். டிறிபேர்க்குடனான சண்டையிலேயே மாண்டான் என்று நம்பியுமிருப்பார்கள். நான் ஓய்வுபெற்ற வருஷம், முன்வரிசையில் இருந்த பொடியன் ஒருவன் கரும்பலகையை நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"சேர், தோற்கடிச்சவர் எண்டுதானே போட்டிருக்கு. செத்தவர் எண்டு இல்லையே. இந்தக் கல்லையும் வெண்ட ஆக்கள்தானே நட்டவை. அப்ப இதுக்கு ஆதாரம் என்ன?"

சுண்ணக்கட்டியை அவன் கையிற் கொடுத்துவிட்டு, நான் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.