ஒரே வகுப்பு, மூன்று படிநிலை: மூன்றாம் வகுப்பின் முதல் பருவம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு முதல் பருவப் புத்தகங்கள் வந்துவிடும். பொருளடக்கத்தைப் புரட்டினால் செப்டம்பர் கடைசிவரை வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும் எனப் பெற்றோர் நினைப்பது இயல்புதான். தமிழக அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை அது பாதி விவரம். உங்கள் பிள்ளை ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ என்ற மூன்று படிநிலைகளில் எதில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மீதிப் பாதி விளங்கும்.

இந்தப் பெயர்கள் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வருபவை. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் அது தொடங்கப்பட்டது. கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தன் வகுப்பறையில் உட்காரும்போது இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தது. விட்டுப்போனதைப் பிடிக்க 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த திட்டம், 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அன்றைய பிள்ளைகள் தொடக்கப் பள்ளியைத் தாண்டிப் போய்விட்டார்கள். திட்டம் நிற்கவில்லை; நிற்கவும் கூடாது என்பேன். ஒரே வயது, ஒரே வகுப்பு, ஆனால் ஒருத்தி கதைப்புத்தகம் படிக்கிறாள், பக்கத்தில் இருப்பவன் எழுத்துக்கூட்டத் திணறுகிறான் என்ற நிலை கொரோனாவுக்கு முன்பும் இருந்ததுதானே.

முதலில் ஆசிரியர் அடிப்படை மதிப்பீடு செய்கிறார். ஒன்றாம் வகுப்பு அளவில் நிற்கும் பிள்ளை அரும்பு, இரண்டாம் வகுப்பு அளவில் மொட்டு, தன் வகுப்புக்குரிய அளவை எட்டியது மலர். மூன்றாம் வகுப்பில் மூன்று வகையினரும் இருப்பார்கள். பாடம் ஒன்றாக இருந்தாலும் செய்யும் வேலை வேறு.

அரும்பு நிலைப் பிள்ளைக்குத் தமிழில் எழுத்துதான் முதல் வேலை. 247 எழுத்து என்று சொல்லி நாமே மலைக்க வைத்துவிடுகிறோம். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஓர் ஆய்தம், இவற்றோடு கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள் கைவந்துவிட்டால் 216 உயிர்மெய்களில் பெரும்பகுதி தொடர்ந்து வந்துவிடும். ஆகார வரிசைக்குத் தொல்லையே இல்லை, எல்லா எழுத்துக்கும் அதே கால். சிக்கல் உகரத்தில். கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள், குறி ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே விதியாகச் சொல்லித்தர வழியில்லை; கை பழக வேண்டும். அடுத்த சிக்கல் கொம்பு. ‘கெ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககரம். எழுதும்போதோ முன்னால் நிற்பது கொம்பு. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. ககரத்தை எழுதிவிட்டு அதன் பின்னால் கொம்பு போடும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று அதட்டாதீர்கள். கேட்ட வரிசையில் எழுதுகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் தாத்தா, பாட்டி சொல்லித்தருவதாக இருந்தால் இன்னொன்று. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு அந்தக் காலத்தில் துதிக்கை உண்டு. 1978இல் வந்த அரசாணை எழுத்துச் சீர்திருத்தம் செய்து அதை எடுத்துவிட்டது. பாட்டி எழுதும் ‘லை’ புத்தகத்தில் இல்லையே என்று பிள்ளை விழித்தால் இந்தக் கதையைச் சொல்லலாம். பழைய எழுத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மொட்டு நிலையில் சொற்களும் சிறு வாக்கியங்களும். சொல்வதெழுதுதலில் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண தடுமாற்றம் இங்கேதான் வெளிப்படும். மலர் நிலையில் ஒரு பத்தியைத் தானே படித்து, கேட்ட கேள்விக்குச் சொந்தமாகப் பதில் சொல்ல வேண்டும். புத்தகத்தின் கேள்வி-பதிலை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடையும் பெற்றோர், பாடத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கணக்கில் வடிவங்கள், அமைப்புகள், அளவைகள், நேரம் எல்லாம் உண்டு. ஆனாலும் பருவத்தின் முதுகெலும்பு மூன்றிலக்க எண்தான். முந்நூற்று ஐந்து என்றால் 3005 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. 300 எழுதி, பக்கத்தில் 5 எழுதிவிடுகிறார்கள். இடமதிப்பு புரியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இதைத் தீர்க்கத்தான் வகுப்பில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுகிறார்கள், மணிச்சட்டத்தில் மணி கோக்கிறார்கள். கழித்தலில் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு முரண் வரும். நாம் ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று படித்தவர்கள். புத்தகம் ‘இனமாற்றம்’ என்கிறது. அதாவது, ஒரு பத்துக் கட்டைப் பிரித்து ஒன்றுகளாக்குவது. 52இலிருந்து 17ஐக் கழிக்க, ஐந்து கட்டுகளில் ஒன்றை அவிழ்த்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு தனிக் குச்சிகளும் இருக்கும். ஏழு குச்சியும் ஒரு கட்டும் எடுத்தால் மீதி 35. கடன் வாங்கினாலும் அதே விடைதான். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்கும் பிள்ளைக்கு மட்டும் நம்மிடம் பதில் இருக்காது.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரைவிட ஒலிக்கு முக்கியத்துவம். ஒன்று, இரண்டாம் வகுப்பில் ‘சூழ்நிலையியல்’ என்று ஒரே பாடமாக இருந்தது, இந்த ஆண்டு அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிகிறது. உடல், பொருள்களின் நிலைகள், விசை என்று அறிவியல் தொடங்கும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் பல வீடுகளில் வீட்டுப்பாடம் என்ற தலைவலியும் மூன்றாம் வகுப்பில்தான் அறிமுகம்.

தேர்வு? முப்பருவ முறை 2012-13இல் வந்தபோதே ஒரே ஆண்டுத் தேர்வு என்ற ஏற்பாடு போய்விட்டது. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என இரண்டு. முன்னது பருவம் முழுக்க அவ்வப்போது நடக்கும், பின்னது பருவக் கடைசியில். படிநிலைக்கு ஏற்ற வினாத்தாள் என்பதால், அரும்பு நிலைப் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிவந்தால் மூன்றாம் வகுப்புப் பாடம் முழுவதும் வந்துவிட்டதாகப் பொருளில்லை. மதிப்பெண்ணைப் பார்க்கும்போது படிநிலையையும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் அதைப் பிள்ளையின் பட்டப்பெயர் ஆக்கிவிட வேண்டாம். ‘என் பையன் இன்னும் அரும்பா?’ என்று வகுப்பு வாசலில் நின்று உரக்கக் கேட்பவர்கள் உண்டு.

இவ்வளவையும் நடத்துவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இருவர். ஒருவர் 1, 2, 3ஐச் சேர்த்து வைத்துக்கொண்டு, மூன்று வகுப்பின் பாடத்தையும் மூன்று படிநிலைகளின் பயிற்சியையும் பார்க்கிறார். மதிப்பீட்டு விவரங்களைச் செயலியில் ஏற்றுவதும் அவர்தான். இந்தப் பதிவு வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர்களின் நெடுநாள் புகார்; அதில் நியாயம் இருக்கிறது. இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் போய்க் கேட்டுப் பயனில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுக் கல்வித் துறைக்கு அனுப்பலாம்.