அரிட்டாபட்டி டங்ஸ்டன்: ஏலம் ரத்து... பிரச்சினை முடிந்ததா?

பழைய குண்டு பல்புக்குள் எரிந்ததே, ஒரு மெல்லிய கம்பி... அதுதான் டங்ஸ்டன். அந்த பல்பை இப்போது யாரும் தேடுவதில்லை. ஆனால், டங்ஸ்டனுக்கு மவுசு ஏறிக்கொண்டே போகிறது. உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். இரும்பை அறுக்கும் கருவி, பாறையைத் துளைக்கும் முனை, கவச வாகனத்தைத் துளைக்கும் குண்டு என எல்லாவற்றுக்கும் இது வேண்டும். உலகச் சுரங்க உற்பத்தியில் 80 சதவீதத்துக்கும் மேல் சீனாவின் கையில். சிக்கலே அங்கேதான்.

சீனாவை நம்பியிருக்க முடியாது என்று 2022-ல் அமெரிக்கா 'கனிமப் பாதுகாப்புக் கூட்டணி'யைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்தியாவும் சேர்ந்தது. அதே 2023-ல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் போனது. 2024 நவம்பர் 7-ல் ஒரு ஏல முடிவு வந்தது. மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டி பிளாக், சுமார் 2,015 ஹெக்டேர், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு!

அந்த எல்லைக்குள்தான் அரிட்டாபட்டியும் இருந்தது.

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், லகர் வல்லூறு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள். கூடவே 2,200 ஆண்டு பழைய தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கைகள், குடைவரைச் சிவன் கோயில். 2022 நவம்பரில் இங்கே 193 ஹெக்டேரை தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. அடுத்த மாதமே மான்ட்ரியலில் இந்தியா உள்ளிட்ட நாடுகள், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்ற இலக்கை ஏற்றன.

ஆக, ஒரே குன்றின் மேல் இரண்டு சர்வதேச வாக்குறுதிகள். ஒன்று கனிமப் பாதுகாப்பு, இன்னொன்று இயற்கைப் பாதுகாப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்!

பல்லுயிர் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்ற இடத்தில் எடுக்கலாமா என்று டிசம்பரில் மத்திய அரசு யோசித்தது. ஊர் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. குன்றில் விழும் மழைதான் கீழே கண்மாய்க்கு வருகிறது. வரத்தை வெட்டிவிட்டு குன்றை மட்டும் விட்டுவைத்து என்ன பிரயோஜனம்? சட்டமன்றத் தீர்மானம் டிசம்பர் 9-ல் வந்தது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. ஊரே கொண்டாடியது.

அதற்குப் பிறகு?

ஆறே நாளில், ஜனவரி 29-ல், ரூ.16,300 கோடியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடுத்த ஆறாவது நாள், பிப்ரவரி 4-ல், டங்ஸ்டன் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு விதித்தது. அரிட்டாபட்டியில் ஏலம்தான் ரத்தானது. டங்ஸ்டன் தேவை அப்படியே நிற்கிறது.

செப்டம்பர் 8-ல் வந்ததுதான் பலரும் கவனிக்காத செய்தி. அணு மற்றும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. நாட்டின் பாதுகாப்புதான் காரணமாகச் சொல்லப்பட்டது. வாபஸ் பெறக் கோரி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

கருத்துக்கேட்பு கட்டத்துக்கே போகாமல், தெருவில் இறங்கி ஜெயித்த ஊர் அரிட்டாபட்டி. அடுத்து இதேபோல் ஒரு ஊர் சிக்கினால், மைக்கைப் பிடித்து 'வேண்டாம்' என்று பதிவு செய்ய அந்தக் கூட்டமும் இருக்காது. விலக்கு பெற்ற கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு.