சாவி வாங்க 1,750 வெள்ளி

எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மாதம் 500 வெள்ளிக்கு ஒரு வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை, முன்னால் மோட்டார் நிறுத்த இடம். சமாளித்துவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் சாவி கைக்கு வருமுன் இரண்டு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீருக்கும் கரண்டுக்குமாக அரை மாத முன்பணம் என்று கேட்பதுதான் இங்கே வழக்கம். கூட்டிப் பாருங்கள்: 1,750 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 ஆனது. மாதம் முழுக்க உழைத்து ஒரு காசு தொடாமல் வைத்திருந்தாலும் வாசலைத் தாண்ட முடியாது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களைத் தடுப்பது மாத வாடகையைவிட இந்த முதல் தொகைதான்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். லயத்து வீட்டுக்கு யாரும் வாடகை கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டு வீடு எடுக்கும் பழக்கமும் எங்களுக்கு வரவில்லை. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. பெரட்டுக்குப் போக ஆளில்லையென்றால் வீடும் இல்லை. 1950, 60களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோதே இது வெட்டவெளிச்சமானது. எங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வைத்தது அந்தச் சமயத்தில்தான். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் தாமான்கள் வந்தன. சொந்த வீடு கிடைக்காதவர்கள் வாடகைக்கு அலைந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்னும் அலைகிறார்கள்.

சிறிய ஊரில் நல்ல வீடு விளம்பரத்துக்கு வருமுன்னே போய்விடும். கேஸ் கொண்டுவந்து போடும் தம்பிக்கு எந்த வீடு காலி என்று தெரியும். மளிகைக்கடை அக்காவுக்கும் கோயில் தலைவருக்கும் தெரியும். அவர்களிடம் சொல்லி வையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. போனில் பெயரைக் கேட்டதும் "வீடு போயிருச்சு" என்பார்கள். மறுவாரமும் அதே பலகை தொங்கும். எனக்கு நடந்திருக்கிறது. இந்தியர் என்பதற்காக வீடு மறுப்பதைத் தடுக்க இந்நாட்டில் தனிச்சட்டம் இல்லை. இது அநியாயம். தெரிந்தவர் ஒருவர் கூட வந்து நின்றால் அந்தக் கதவு பல சமயம் திறக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

வீடு பிடித்துவிட்டால் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கேளுங்கள். உள்நாட்டு வருமான வாரியத்தில் முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. கடைசி மாதத்துத் தண்ணீர், கரண்டு பில்லைக் கண்ணால் பாருங்கள். முன்பு இருந்தவர் பாக்கி உங்கள் தலையில் விழக்கூடாது. சுவர்க் கசிவு, உடைந்த ஜன்னல் எல்லாவற்றையும் முதல் நாளே போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்பக் கேட்கும்போது அந்தப் படம்தான் பேசும். வாடகை பாக்கி என்றாலும் வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். 1950ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த பலருக்கு இது தெரியாமல், மிரட்டியதும் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

ஈப்போ பக்கம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. சுண்ணாம்புக் குன்றை ஒட்டிய வீடு மலிவாகக் கிடைத்தால் முதலில் அண்ணாந்து பாருங்கள். 1973 அக்டோபரில், கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் குனோங் சீரோவில் பாறை சரிந்து வரிசை வீடுகள்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். வாடகையில் நூறு வெள்ளி குறைகிறது என்பதற்காக அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

முதல் தொகைக்கு வருகிறேன். அதில் 1,250 வெள்ளி செலவாகிற பணமில்லை. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம். எங்கள் கோயில் கூட்டத்தில் இதைத்தான் கேட்டிருக்கிறேன்: பத்தாயிரம் வெள்ளியைத் தனியாக ஒதுக்கினால் ஒரே நேரத்தில் எட்டுக் குடும்பங்களுக்கு முன்பணம் கட்டலாம். குடும்பம் மாதம் ஐம்பது வெள்ளியாகத் திருப்பிக் கட்டட்டும், இருபத்தைந்து மாதத்தில் கணக்குத் தீரும். அடுத்த குடும்பத்துக்கு அதே பணம் போகும். கும்பாபிஷேகத்துக்கு இதைவிடப் பெரிய தொகையை இந்த ஊர் திரட்டியிருக்கிறது.