கால்பந்துக் கழகம் யாருடையது? பிளாக்பர்ன் ரசிகர்களும் புனே உரிமையாளர்களும்

சட்டத்தின் பார்வையில் கால்பந்துக் கழகம் என்பது ஒரு நிறுவனம். பங்குகளை விலை கொடுத்து வாங்கியவரே அதன் உரிமையாளர் என்பதால், பயிற்றுநரை நீக்கவும் ஆட்டக்காரரை விற்கவும் மைதானத்தை அடமானம் வைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அக்கழகத்தின் பெயரைத் தம் ஊரின் பெயராகவும் அதன் நிறத்தைத் தம் குடும்பத்தின் நிறமாகவும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் மக்களோ, பங்குப் பத்திரத்தில் எங்கும் தம் பெயர் இல்லாவிட்டாலும் கழகம் தம்முடையது என்றே கருதுகின்றனர். இவ்விரு உரிமைகளும் மோதும்போது எழுவதே, உரிமையாளருக்கு எதிரான ரசிகர் போராட்டம். இங்கிலாந்தில் அடிக்கடி காணப்படும் இத்தகைய போராட்டங்களுள் நெடுங்காலம் நீடித்த ஒன்று, தமிழகத்தின் கோழிப்பண்ணை வட்டாரத்துக்கு நன்கு அறிமுகமான ஓர் இந்திய நிறுவனத்துக்கு எதிராக நடந்தது என்பது நம் வாசகர்களில் பலர் அறியாத செய்தி.

ஏற்காடு, வெள்ளக்கடை முதலான சேர்வராயன் மலை ஊர்களின் மளிகைக் கடைகளுக்கு அட்டை அட்டையாக முட்டை ஏறி வருவது கீழே நாமக்கல் சமவெளியிலிருந்துதான். அந்த முட்டையின் அன்றாட விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் உருவாக முன்னின்றவர், 1971-இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பி.வி. ராவ். நாமக்கல் பண்ணைகளில் பெருமளவில் வளர்க்கப்படும் பிவி 300 என்ற முட்டைக்கோழி இனமும் அந்நிறுவனம் தந்ததே. இடைத்தரகர் சொன்ன விலைக்கு முட்டையைக் கொடுத்துவந்த பண்ணையாளர்களை ஒன்று திரட்டி, தம் விலையைத் தாமே சொல்லும் வலிமையை அவர்களுக்குத் தந்தவர் என்று ராவின் பெயர் இன்றும் மதிப்போடு நினைக்கப்படுகிறது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மக்களின் பொறுப்பில் வளர்ந்த, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட இக்குழுமம், வெங்கீஸ் என்ற வணிகப் பெயரோடு 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டு கொடுத்து பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை வாங்கியது. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டித்தொடரான பிரீமியர் லீக்கில் ஆடும் கழகம் ஒன்றை இந்தியர் வாங்கியது அதுவே முதல்முறை.

வாங்கப்பட்ட பொருள் எத்தகையது என்பதை அறிய அந்த ஊரின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வட இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் உள்ள பிளாக்பர்ன், பருத்தி நெசவால் வளர்ந்து, அந்நெசவு நொடித்தபோது தானும் நொடித்த ஊர். சுதேசி இயக்கத்தின் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைக் காண 1931 செப்டம்பரில் காந்தி வந்து தங்கிய டார்வென், பிளாக்பர்னுக்கு அடுத்த ஊர். எனவே இந்தியாவில் எடுக்கப்படும் முடிவுகள் தம் வீட்டுக்குள் நுழைவதை அம்மக்கள் அறிந்தது 2010-இல் முதல்முறையாக அன்று. கால்பந்து அங்கே செல்வர்களின் பொழுதுபோக்காக அல்லாமல் ஆலைத் தொழிலாளரின் ஆட்டமாக வேர்விட்டது. 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி, உயர்குடிப் பள்ளியான ஈட்டனின் பழைய மாணவர்களை இறுதியாட்டத்தில் வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியபோது, அந்த ஆட்டம் யாருடையது என்ற கேள்விக்கே புதிய விடை கிடைத்தது எனலாம். அதே ஊரில் 1875-இல் தோன்றிய ரோவர்ஸ், 1884 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அக்கோப்பையை வென்றதோடு, 1888-இல் உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கழகங்களுள் ஒன்றாகவும் விளங்கியது.

ஒரு நூற்றாண்டு கழித்து, நெடுநாள் மங்கிக் கிடந்த அக்கழகத்தை உயர்த்தியவர் அவ்வூரிலேயே பிறந்து எஃகு வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜாக் வாக்கர். 1991-இல் கழகத்தைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த அவர், கென்னி டால்கிளிஷ் என்ற பயிற்றுநரையும் ஆலன் ஷியரர் என்ற முன்கள ஆட்டக்காரரையும் அழைத்துவந்தார்; 1995 மே மாதத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பின்தள்ளி ரோவர்ஸ் பிரீமியர் லீக் பட்டம் வென்றது. பணத்தால் வாங்கிய வெற்றி என்று பிற ஊரார் சொன்னது உண்மைதான். ஆனால் அப்பணம் அந்த ஊரில் பிறந்து, சிறுவயது முதல் அதே அணிக்காகக் கத்திய ஒருவருடையது என்பதால், உரிமையாளருக்கும் ரசிகருக்கும் இடையே விரிசல் எதுவும் இருக்கவில்லை. 2000-இல் வாக்கர் இறந்த பிறகு அவருடைய அறக்கட்டளை பத்தாண்டுகள் கழகத்தை நடத்தி, அதன்பின் விற்றது.

விற்பனையை ரசிகர்கள் முதலில் எதிர்க்கவில்லை. கசப்பு தொடங்கியது அடுத்த மாதமே, 2010 டிசம்பர் 13 அன்று, பட்டியலில் பதின்மூன்றாம் இடத்தில் பாதுகாப்பாக இருந்த அணியின் மேலாளர் சாம் அல்லார்டைஸ் நீக்கப்பட்டபோதுதான். மேலாளர் என்பவர் அங்கே ஆட்டக்காரர்களைப் பயிற்றுவித்து, தேர்ந்து, ஆட்டத்தின் போக்கை வகுக்கும் தலைவர். அப்பொறுப்பு, மேலாளராக முன் அனுபவம் இல்லாத துணைப் பயிற்றுநர் ஸ்டீவ் கீனிடம் அளிக்கப்பட்டது. இங்கிலாந்துத் தொடர்களில் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கடைசி இடங்களைப் பெறும் அணிகள் கீழ்நிலைத் தொடருக்கு இறக்கப்படும். பிரீமியர் லீக்கில் மூன்று அணிகள் அவ்வாறு இறங்கும். தொலைக்காட்சி உரிமத் தொகையின் பெரும்பகுதி மேல்நிலைக் கழகங்களுக்கே செல்வதால், தரமிறக்கம் என்பது மானக்கேட்டோடு வருமானச் சரிவும் ஆகும். எனவே அணி சரியத் தொடங்கியதும், மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மேலாளருக்கு எதிராக எழுந்த முழக்கம், சில மாதங்களில் ‘வெங்கீஸ் அவுட்’ என்று அவரை அமர்த்தியவர்களை நோக்கித் திரும்பியது.

2012 மே 7 அன்று, கொட்டும் மழையில், ஈவுட் பார்க் மைதானத்தில் விகன் அணிக்கு எதிராக அந்தத் தரமிறக்கம் வந்தது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் பார்வையாளர் பகுதியிலிருந்து ரோவர்ஸின் நீல வெள்ளைக் கொடி போர்த்திய உயிர்க்கோழி ஒன்று களத்துக்குள் விடப்பட்டு, நனைந்த புல்லில் ஆட்டக்காரர்களுக்கிடையே ஓடியது. உரிமையாளரின் தொழிலைச் சுட்டிய அச்செயல் உலகெங்கும் செய்தியாயிற்று. இறுதி நிமிடங்களில் விகன் அடித்த ஒரே கோலால் ரோவர்ஸ் தோற்று, பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து ஆடிய முதல்நிலையிலிருந்து இறங்கியது. முன்னாள் வாகையர் அணி வீழ்ந்த அந்த மாலையில் அங்கிருந்த பல்லாயிரம் பேரின் துயரத்தைவிட அந்தக் கோழியே அதிகம் பேசப்பட்டது, அப்போராட்டக்காரர்களுக்கு நேர்ந்த இரண்டாவது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த பருவத்தில் இடைக்காலப் பொறுப்பாளர்கள் உட்பட ஐந்து பேர் அணியை நடத்தினர். அவர்களுள் ஹென்னிங் பெர்க் 57 நாட்களில் நீக்கப்பட்டு, ஒப்பந்தப்படி தமக்கு உரிய 22.5 லட்சம் பவுண்டை உயர் நீதிமன்றம் சென்று பெற்றார். 2017 மே 7 அன்று, கடைசி ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டை 3–1 என வென்றும் கோல் வேறுபாட்டால் பின்தங்கி, பிரீமியர் லீக் பட்டம் வென்ற கழகங்களுள் மூன்றாம் நிலைக்கு இறங்கிய முதல் கழகம் என்ற நிலையை ரோவர்ஸ் அடைந்தது. மறு ஆண்டே டோனி மௌப்ரேயின் தலைமையில் இரண்டாம் நிலைக்குத் திரும்பினாலும், முதல்நிலை கைக்கெட்டவில்லை.

இத்தகைய போராட்டத்தின் உள்ளே ஒரு முரண் உண்டு. வேறு எந்த வணிகத்திலும், பொருள் பிடிக்காத வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் செல்வார். பிளாக்பர்ன் ரசிகர் பக்கத்து ஊரான பர்ன்லியின் அணிக்கு ஒருநாளும் மாறமாட்டார். அதை உரிமையாளரும் அறிவார். சீசன் டிக்கெட் வாங்காமல் இருப்பது ஒன்றே கையில் உள்ள பொருளாதார ஆயுதம். அதை வீசினாலோ வருமானம் குறைந்து அணி மேலும் நலிகிறது, வெற்று இருக்கைகளுக்கு முன்னே ஆடும் இளம் ஆட்டக்காரர்கள் சோர்கின்றனர். ஆகவே ரசிகர்களுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது: உரிமையாளர் போகும்வரை மைதானத்தில் கால்வைப்பதில்லை என்று ஒரு சாராரும், அணியைக் கைவிடுவது துரோகம் என்று மற்றொரு சாராரும் ஒரே குடும்பத்துக்குள் வாதாடினர். இரு தரப்பும் ஏற்கத்தக்க வழியாக 2016 நவம்பரில் பிரைட்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு முறை கையாளப்பட்டது. போராடியவர்கள் டிக்கெட் வாங்கியும் பதினெட்டாம் நிமிடம் வரை வெளியே நின்று, பிறகே உள்ளே நுழைந்து, எழுபத்தைந்தாம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினர். கழகம் பிறந்த 1875-ஆம் ஆண்டை இரண்டாகப் பிரித்து அமைத்த இந்த நேரக்கணக்கு, தாம் பேசுவது நேற்று வந்த உரிமையைப் பற்றி அன்று என்பதை ஒரு சொல்லும் இன்றி உணர்த்தியது.

உரிமையாளர் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெங்கீஸ் கழகத்தைச் சுரண்டியதாக யாரும் கணக்குக் காட்ட இயலாது. ஆண்டுதோறும் நட்டத்தில் ஓடும் கழகத்துக்கு அவர்கள் செலுத்திய தொகை இருபது கோடி பவுண்டைத் தாண்டுகிறது. அப்பணம் நின்றிருந்தால் கழகம் கடனில் மூழ்கியிருக்கக்கூடும். ரசிகர்களின் குறை வேறிடத்தில் உள்ளது. உரிமையாளர்கள் ஈவுட் பார்க்குக்கு வருவது அரிதாயிற்று. ஏன் ஒருவர் நீக்கப்பட்டார், ஏன் ஒருவர் விற்கப்பட்டார், அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் என்ன என்ற கேள்விகளுக்குப் புனேயிலிருந்து விடை வருவதில்லை. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அமலாக்கத் துறை தொடங்கிய விசாரணையால், அண்மை ஆண்டுகளில் கழகத்துக்குப் பணம் அனுப்பவே தில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த ஆடம் வார்ட்டன் 2024-இல் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டபோது, அடுத்த ஆட்டக்காரரின் ஊதியம் எங்கோ ஒரு நாட்டின் நீதிமன்ற வாய்தாவைப் பொறுத்தது என்ற நிலை ரசிகர்களைக் கலங்கவைத்தது. பணம் கொடுப்பவர் பதிலும் சொல்ல வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை மிகையானது அன்று.

இந்தியாவிலும் இக்கேள்வி எழுந்திருக்கிறது. எழுந்த இடம் கொல்கத்தா. 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற மோகன் பகான் கழகத்தின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டுப் பங்குகளை 2020-இல் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் வாங்கி, 2014-இல்தான் பிறந்த ஏடிகே அணியோடு இணைத்து, ஏடிகே மோகன் பகான் என்று பெயரிட்டது. பச்சையும் அரக்கும் கலந்த உடை தக்கவைக்கப்பட்டும் ரசிகர்கள் அமைதியடையவில்லை. நூற்றாண்டு கடந்த பெயருக்கு முன்னே ஒட்டிய மூன்று எழுத்துகளை நீக்கக் கோரி ‘ரிமூவ் ஏடிகே’ என்ற முழக்கத்தோடு மூன்றாண்டுகள் போராடினர். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற உடனே, அவ்வெழுத்துகள் நீக்கப்படும் என்று உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். பெயரின் பின்னே சூப்பர் ஜயன்ட் என்ற ஒட்டு வந்தது என்றாலும், இந்தியக் கால்பந்தில் ரசிகர்கள் உரிமையாளரை இணங்கவைத்த தெளிவான வெற்றி அது.

எதிரணியான ஈஸ்ட் பெங்காலின் கதை இதற்கு மாறானது. அங்கே 76 விழுக்காட்டுப் பங்கேற்ற ஸ்ரீ சிமெண்ட் நிறுவனத்துடன் இறுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்தவர்கள் உறுப்பினர் சங்கத்தின் பழைய நிர்வாகிகள். கையொப்பம் தள்ளிப்போனால் அணியே களமிறங்காது என்று அஞ்சிய ரசிகர்கள், 2021 ஜூலை 21 அன்று மைதான் திடலிலுள்ள கழகக் கூடாரத்தின் முன் நிர்வாகிகளுக்கு எதிராகத் திரண்டனர்; நிர்வாகிகளின் ஆதரவாளர்களும் கூட, மோதல் மூண்டு காவல்துறை தடியடி நடத்தியது. வெளியிலிருந்து வந்த பெருநிறுவனம் மட்டுமே ரசிகரின் எதிரி என்ற எளிய கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. பதில் சொல்லாத அதிகாரம் உள்ளூர்க்காரரின் கையில் இருந்தாலும் கசப்பு ஒன்றே.

இதற்குச் சட்டத்தால் தீர்வு தேட முயன்ற நாடுகள் உண்டு. ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற விதி, சில விலக்குகளுடன், 1998 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில் ஆறு பெருங்கழகங்களின் உரிமையாளர்கள் ரசிகர்களைக் கேளாமல் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனித்தொடருக்குச் செல்ல முயன்று, தெருவில் திரண்ட எதிர்ப்பால் இரண்டே நாளில் பின்வாங்கிய பிறகு அரசு விழித்துக்கொண்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் தனி ஒழுங்காற்று அமைப்பு ஒன்றை நிறுவி, உரிமையாளராக வருவோரின் தகுதியையும் பணத்தின் மூலத்தையும் சோதிக்கும் அதிகாரத்தை அதற்கு வழங்கியது. கழகங்கள் ரசிகர்களைக் கலந்தாலோசிப்பது கடமையாக்கப்பட்டது. சின்னத்தையோ உடையின் நிறத்தையோ மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும். கார்டிஃப் கழகத்தின் நீலத்தை 2012-இல் அதன் மலேசிய உரிமையாளர் சிவப்பாக்கி, எதிர்ப்புக்குப் பிறகு 2015-இல் மீண்டும் நீலமாக்கியது போன்ற நிகழ்வு இனி அவ்வளவு எளிதில் நிகழாது.

இந்தியாவில் அதே 2025-இல் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. விளையாட்டுச் சம்மேளனங்களின் தேர்தலையும் நிர்வாகக் குழுக்களில் வீரர்களுக்கான இடத்தையும் வரையறுக்கும் அச்சட்டம், தனியார் கழகங்களின் ரசிகர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐ.எஸ்.எல். தொடரின் எதிர்காலம் குறித்த ஒப்பந்தச் சிக்கலால் அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, நேரு மைதானத்தில் பத்தாண்டுகளாக நீலச் சட்டையோடு நின்ற ரசிகர்கள் அதைச் செய்தியாகத்தான் படித்தறிந்தனர்.